வழக்கே இல்லாத ஊர்

முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் வேலை பார்த்தவள் என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே கொலைக் கேஸ் ஏதாவது சொல்லுங்கள் என்கிறார்கள். நான் ஒரு கொலைக் கேஸையும் பார்த்ததில்லை. நான் இருந்தது சிவில் கோர்ட்டு. சுவர், வரப்பு, வாடகை, பாகப்பிரிவினை, அண்ணன் தம்பி சண்டை. கடைசி ஐந்து வருஷம் தலைமை எழுத்தராக நான் செய்த வேலை பெரும்பாலும் எண்ணுவதுதான். இந்த மாதம் எத்தனை வழக்கு வந்தது, எத்தனை முடிந்தது, எத்தனை நிலுவை. கிராமம் வாரியாக, வகை வாரியாக, வருஷம் வாரியாக. எண்ணி முடித்துக் கையெழுத்து வாங்கி அனுப்பினால் அடுத்த மாதம் வந்து நிற்கும். ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. அந்த நாற்காலியை நினைத்தால் இன்னும் முதுகு வலிக்கிறது.

என் வீடு ராயபுரத்தில். கோர்ட்டு வடக்கே, திருவொற்றியூரையும் தாண்டி. தூரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதே வீண். கடல்காற்று வாங்கிக்கொண்டு இருபது நிமிஷத்தில் போய் இறங்கிய நாளும் உண்டு. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே காலைச் சாப்பாட்டை முடித்து, டிபன் பாக்ஸையும் துடைத்துப் பைக்குள் வைத்து, அப்புறமும் அதே லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாளும் உண்டு. எனக்குத் தாமதமானால் வருகைப் பதிவேட்டில் ஒரு சிவப்புக் கோடு விழும், அவ்வளவுதான். கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தாமதமானால் கேஸே போய்விடும்.

எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பத்தரைக்கு நீதிபதி வந்து உட்காருவார். அன்றைய பட்டியல் வரிசைப்படி, தோளில் பட்டை மாட்டிய கோர்ட்டுச் சேவகரான டவாலி வாசலில் நின்று கட்சிக்காரரின் பெயரை மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது கூப்பாட்டுக்கும் ஆள் வரவில்லை, வக்கீலும் எழுந்து நிற்கவில்லை என்றால், ‘வராமையால் தள்ளுபடி’. மூன்று கூப்பாட்டுக்கும் சேர்த்து அரை நிமிஷம் ஆகாது. அதுவும் எங்கள் டவாலி கூப்பிட்டால் அதில் பாதிதான். மனுஷன் பெயரை மென்று முழுங்கி, மூன்றையும் ஒரே மூச்சில் விட்டுவிடுவார். சொந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் அடையாளம் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நானே உலுக்கி எழுப்பியிருக்கிறேன். குரல் மட்டும் வெண்கலம். தெருக்கோடி டீக்கடை வரைக்கும் போகும்.

நீதிபதிக்குக் கீழே பெஞ்சில் உட்காரும் எழுத்தராக இருந்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். வடக்கிலிருந்து வருகிறவர்களின் வழக்குக் கட்டை அடியில் போட்டுவிடுவேன். அன்றைய வழக்குக் கட்டுகளை மேஜையில் அடுக்கும்போது அவர்களுடையது அடியில் இருந்தால், கூப்பிடுவதற்குப் பன்னிரண்டு மணி ஆகிவிடும். அதற்குள் வந்துவிடுவார்கள். எந்த விதியிலும் இது இல்லை. எந்த நீதிபதியும் கேட்டதில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கும், கண்டுகொள்ளமாட்டார்கள். தலைமை எழுத்தராகி ஆபீஸ் அறைக்கு மாறிய பிறகும் காலையில் முதல் வேலையாகக் கோர்ட்டு ஹாலுக்குப் போய் அந்த ஒன்றிரண்டு கட்டுகளை உருவி அடியில் சொருகிவிட்டுத்தான் வருவேன்.

வடக்கு என்று நான் சொல்வது எண்ணூர் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம். எங்கள் கோர்ட்டு எல்லைக்குள் வருகிற கடைசி சில கிராமங்கள். கொஞ்சம் விவசாயம், கொஞ்சம் உப்பளம், கடலோரமாக மீன்பிடிக் குப்பங்கள். எல்லை வரைந்த புண்ணியவான் வரைபடத்தில் கழிமுகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுவிட்டார். வரைபடத்தில் கடைசிக் குப்பம் எங்கள் கோர்ட்டிலிருந்து கட்டைவிரல் நீளம்தான். நிஜத்தில் தண்ணீரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். குப்பத்திலிருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் ஒரு பஸ், நடுவில் ரயில்வே கேட். கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி வந்தால் கேட் எப்போது திறக்கும் என்று கேட்கீப்பருக்கே தெரியாது. அதன்பிறகு நம் லாரிகள்.

அந்தக் குப்பத்திலிருந்துதான் அந்த அம்மாள் வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். காலையில் நண்டும் இறாலும் விற்றுவிட்டு, அதே புடவையில் கையை மட்டும் கழுவிக்கொண்டு வருவாள். அவள் புருஷன் ஒரு மார்கழியில் ஃபைபர் படகில் தனியாகக் கடலுக்குப் போனவன். இரண்டு நாள் கழித்துப் படகு மட்டும் கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் இறப்புச் சான்று தரமாட்டார்கள். ஏழு வருஷம் காத்திருந்து, அதற்குள் அவனைப் பற்றி யாருக்கும் ஒரு தகவலும் இல்லை என்று கோர்ட்டில் சொல்லி, அவன் இறந்துபோனதாகக் கருதலாம் என்று தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்குத்தான் வழக்கு.

ஏழு வருஷம் காத்திருந்தவள் இப்போது ஏன் அவசரப்பட்டாள் என்றால், வீட்டுக்காக. கடலோரக் குடும்பங்களுக்கு அரசு கட்டிக் கொடுத்த வீடு அவளுடையது. அந்த வீடுகளெல்லாம் காரை பெயர்ந்து, இடித்துக் கட்டப்போவதாகப் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு அவன் பெயரில் இருந்தது. அவன் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவன் இறந்ததற்குத் தாள் வேண்டும். ஆடி மாதக் கடைசியோடு பட்டியல் மூடப்படும் என்று சொல்லியிருந்தார்கள். தாள் இல்லையென்றால் வீடு போச்சு. முதல் நாள் என் மேஜைக்கு முன்னால் நின்று, “அவரு வந்து கையெய்த்து போட்டா எனக்கு இன்னாத்துக்கும்மா கோர்ட்டு?” என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோபோலவும் இருந்தது.

அந்த வருஷம்தான் மேலிடத்திலிருந்து படிவம் வந்தது. எங்கள் எல்லைக்கு இன்னொரு கோர்ட்டு தரலாம் என்று யோசிக்கிறார்கள். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. ஒன்று, எங்கள் வளாகத்திலேயே மாடியில். இல்லையென்றால் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் சந்தை கூடுகிற ஊரில், சும்மா பூட்டிக்கிடக்கிற ஒரு பஞ்சாயத்துக் கட்டடத்தில். வடக்குக் கிராமத்துக்காரர்கள் பல வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை வழக்கு நிலுவை, கோர்ட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பட்டியல் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தூரத்தை வரைபடத்திலிருந்து எடுக்க வேண்டுமாம். ‘மிக அவசரம்’ என்று சிவப்பில் அடித்திருந்தது. எங்களுக்கு வருகிற எல்லாவற்றிலும் அப்படித்தான் அடித்திருக்கும். ஆனாலும் இந்த முறை இரண்டு தரம் போனும் வந்தது.

இடத்தைப் பார்க்க ஒரு குழுவும் வந்தது. எங்கள் மாடிக்கு ஏறிப் பார்த்தார்கள், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறது என்றார்கள், கீழே இறங்கி வடை சாப்பிட்டார்கள். அந்தப் பக்கத்துக் கட்டடத்தையும் பார்க்கக் கிளம்பினார்கள். அரை மணி நேரத்தில் கார் திரும்பி வந்தது. கேட் போட்டிருந்ததாம். வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில்தானே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு நகரத்துக்குத் திரும்பிப் போனார்கள்.

குழு வந்து போன பிறகு ஒரு திங்கட்கிழமை. மதியத்துக்குள் பட்டியல் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸ் அறைக்குள் நுழைந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் பதிவேடுகளைப் பிரித்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பதிவேட்டைத் திறந்தால் முதலில் ஊத வேண்டும். படிந்திருப்பது வெறும் தூசி இல்லை, கரி. விரலெல்லாம் கறுப்பாகி, எண்ணிக்கை இரண்டு தரம் தப்பி, மூன்றாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தேன். டவாலியின் குரல் வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக்கேட்டு அது என் காதில் விழுவதே இல்லை. ஹாலுக்குப் போய்க் கட்டை அடியில் போடவில்லை என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. பெஞ்சில் இருந்த எழுத்தர் புதுப் பெண். அவளிடம் அந்தப் பழக்கத்தைப் பற்றி நான் சொன்னதும் இல்லை.

பதினொன்றரைக்கு மேல் அந்த அம்மாள் வந்தாள். செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. அன்றைக்குத்தான் அவள் சாட்சி சொல்ல வேண்டிய நாள். என் மேஜைக்கு வந்து போனை நீட்டினாள்.

“யம்மா, கேட்டாண்ட நிக்க சொல்லவே இது வந்துச்சு. இங்கிலீசுல கீது. இன்னான்னு பாரேன்.”

வாங்கிப் பார்த்தேன். வழக்கு எண், தேதி, ‘முடிக்கப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இப்போதெல்லாம் இப்படிச் செய்தி தானாகவே போய்விடுகிறது. அவளால் தாண்ட முடியாத கேட்டை அது தாண்டிப் போயிருந்தது.

“கூப்ட்டாங்கமா, நீ வர்ல. தள்ளுபடி ஆயிடுச்சு” என்றேன். கோபம் வந்தாலும் சங்கடம் வந்தாலும் எனக்கு ராயபுரத்துப் பேச்சு வந்துவிடும்.

“இதோ வந்துட்டேனே. இன்னொரு தபா கூப்ட சொல்லு.”

“அப்டி கூப்ட முடியாது. மூணு தபா கூப்ட்டாச்சு.”

அவள் போனை வாங்கி முந்தானையில் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

“நான் அவர ஏழு வருசமா கூப்ட்டுகினு கீறேன்மா. நீங்க மூணு தபாலயே வுட்டுட்டீங்க.”

சண்டைக்கு வந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நின்றாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எழுந்து ஹாலுக்குப் போய், புதுப் பெண்ணை விட்டுவிட்டு டவாலியைப் பிடித்துக்கொண்டேன். வழியில் வந்துகொண்டிருக்கிற ஆளுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா, அப்படி என்ன ரயிலுக்கா போகிறீர் என்று கேட்டேன். அவர் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்:

“லிஸ்ட்ல இருந்தா கூப்டணும், நான் இன்னா பண்றது? என் கொரலு டீக்கட வரிக்கும் போவும். ஆத்தத் தாண்டிப் போவுமாக்கா?”

திரும்பி வந்து அவளுடைய வக்கீலுக்குப் போன் செய்தேன். அவர் அன்று பாரிமுனையில் வேறொரு கோர்ட்டில் இருந்தார். ஒரே ஆள் எத்தனை கோர்ட்டில் எழுந்து நிற்பார். வழக்கை மறுபடி கோப்புக்கு எடுக்கச் சொல்லி முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும் என்று அவரும் சொன்னார், நானும் அவளுக்கு எழுதிக் கொடுத்தேன். அவள் அறுந்த செருப்புக்கு ஒரு ஊக்குக் கேட்டாள். வழக்குக் கட்டுகளைக் கட்டுகிற நாடாவில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கட்டிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு மறுபடி பட்டியலுக்கு வந்தேன். அவள் ஊர்ப் பெயருக்கு நேரே நிலுவை ‘ஒன்று’ என்று பென்சிலால் எழுதியிருந்தேன். இப்போது அதுவும் இல்லை. ரப்பரை எடுத்து அழித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினேன். எழுதின கையோடு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முடிந்த வழக்குகளின் பதிவேட்டை எடுத்து, வடக்குக் கிராமங்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். வராமையால் தள்ளுபடி. வராமையால் தள்ளுபடி. நடுவில் எங்கோ ஒன்று சமரசம். மறுபடி வராமையால் தள்ளுபடி. என் கையெழுத்திலேயே பாதி இருந்தது.

வழக்குகளை வேகமாக முடிக்கிற கோர்ட்டு என்று எங்களுக்கு நல்ல பெயர் உண்டு. ஒரு வருஷம் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதை நான் வீட்டில் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன். தள்ளுபடியும் முடிவுதான், அதுவும் கணக்கில் சேரும். எந்த ஊர்க்காரர்களால் வர முடியவில்லையோ அந்த ஊருக்கு நிலுவை இருக்காது. நிலுவை இல்லாத ஊருக்குக் கோர்ட்டு எதற்கு? முகம் தெரிந்த ஒன்றிரண்டு பேரின் கட்டை அடியில் போட்டுவிட்டு, எல்லாருக்கும் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டிருந்த என்மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது. முகம் தெரியாதவர்கள் எத்தனை பேர் கேட்டிலிருந்து அப்படியே திரும்பிப் போனார்களோ.

பட்டியலோடு ஒரு தனித்தாளில் குறிப்பு எழுதினேன். இந்தக் கிராமங்களில் நிலுவை இல்லை என்பதால் வழக்கு இல்லை என்று கொள்ள வேண்டாம், வருகிறவர்கள் நேரத்துக்கு வந்து சேர முடியாததால் தள்ளுபடியானவையே அதிகம், அவற்றின் பட்டியல் பின்னால் இருக்கிறது, தூரத்தையும் ரோட்டு வழியாக அளக்க வேண்டும் என்று எழுதி நீதிபதியின் அறைக்குக் கொண்டுபோனேன். என் மகன் வயசு அவருக்கு. நல்ல பிள்ளை, வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அன்றைய பட்டியலில் எழுபது வழக்கு. மேஜைக்கு அந்தப் பக்கம் முகமே பாதிதான் தெரிந்தது.

“படிவத்துல இதுக்குக் கட்டம் இல்லையேம்மா” என்றார்.

“இல்லைங்கய்யா. அதனாலதான் தனியா வெச்சிருக்கேன்.”

படித்தார். அந்த அம்மாளின் வழக்கு எண்ணைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“இது இன்னைக்குக் காலைல நான் போட்ட ஆர்டர்தானே?”

“ஆமாங்கய்யா.”

கையெழுத்துப் போட்டார். குறிப்பிலும் போட்டார், அதை நான் மறக்கவில்லை. இரண்டு வாரத்தில் பட்டியல் மட்டும் ஏற்கப்பட்டு, குறிப்பு திரும்பி வந்தது. படிவத்தில் கோராத விவரங்களை இணைக்க வேண்டாம் என்று ஒரு வரி. ஆனி பிறப்பதற்குள் முடிவும் வந்துவிட்டது. புதுக் கோர்ட்டு எங்கள் வளாகத்தில், மாடியில். தச்சர்கள் வந்து மேடைக்கு அளவெடுத்தார்கள். சுத்தியல் சத்தத்தில் கீழே டவாலி கூப்பிடுவது இன்னும் புரியாமல் போயிற்று. நான் கோபப்பட்டேனா என்று கேட்டால், இல்லை. அலுத்துப்போயிருந்தது. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும்.

அந்த அம்மாளின் மனு அந்த முடிவுக்கு முன்பே ஏற்கப்பட்டிருந்தது. அரசுத் தரப்பில் ஆட்சேபணை சொல்லவில்லை. சாட்சி சொல்லும் நாளுக்கு அவள் முந்தின நாளே கிளம்பி, எண்ணூரில் தங்கை வீட்டில் தங்கிவிட்டாள். இந்த முறை டவாலி முதல் கூப்பாட்டை முடிப்பதற்குள் கூண்டில் ஏறி நின்றாள். கடைசியாகப் புருஷனை எப்போது பார்த்தீர்கள் என்று நீதிபதி கேட்டார். “கஞ்சி குட்த்து அனுப்ச்சேங்கய்யா. தூக்க மறந்துட்டாரு. நான் எட்த்துகினு ஓட்னேன், படகு போய்ட்ச்சு” என்றாள். ஏழு வருஷமாக வேறு ஏதாவது தகவல் உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். எழுதிக்கொண்டிருந்த புதுப் பெண் பேனாவை ஒரு கணம் நிறுத்திவிட்டு மறுபடி எழுதினாள்.

ஆடி பிறந்த பிறகுதான் தீர்ப்பு. இன்னார் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார். நகல் வாங்குவதற்கே மாதக்கணக்காக ஆகும். நான் கெஞ்சியும் திட்டியும் மூன்றாம் நாளே எடுத்துவிட்டேன். அதை வாங்க அவள் வந்தபோது உணவு இடைவேளை. தாளைத் தடவிப் பார்த்து, மடிக்காமல் பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டாள். போகாமல் நின்றாள்.

“ஒண்ணு கேட்டா திட்ட மாட்டியேம்மா.”

“கேளு.”

“என்னிய மூணு தபா கூப்ட்டாரே, அந்த அண்ணன். அதே மாரி அவுரு பேரையும் கூப்ட சொல்லேன். கோர்ட்டு கூப்ட்டும் வர்லன்னா, அப்பால நான் எதிர்பாக்க மாட்டேன்.”

முப்பத்தோரு வருஷத்தில் பட்டியலில் இல்லாத ஒரு பெயரைக் கூப்பிடச் சொன்னவள் இல்லை நான். வெளியே வந்து டவாலியிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். எழுந்து வாயைக் கொப்பளித்தார். கழற்றி வைத்திருந்த பட்டையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்படியில் நின்று, அவனுடைய பெயரையும் அவன் அப்பா பெயரையும் ஊரையும் ஒரு எழுத்துக்கூட முழுங்காமல் கூப்பிட்டார். காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். இந்த முறை இன்னும் அதிக நேரம் காத்திருந்தார். டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாடியில் சுத்தியல் நின்றது. அவள் வளாகத்தின் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்த்தேன். யாராவது வந்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது, பொய் சொல்லவில்லை. மூன்றாம் முறையும் கூப்பிட்டார்.

“சரிம்மா, வரேன். பஸ்ஸு பூடும்” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். டவாலி பட்டையைக் கழற்றி மடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் சேர்ந்துவிட்டதாகப் பிறகு அவளுடைய வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் வழக்கம்போல அறிக்கை போட்டேன். கழிமுகத்துக்கு வடக்கே அந்த ஊருக்கு நேரே நிலுவை ‘இல்லை’ என்று எழுதி, கையெழுத்துக்கு அனுப்பினேன்.